மாநில உரிமைக்காகவா அமெரிக்கா ரெண்டாப் பிளந்தது? பிரிஞ்சு போனவங்களே எழுதி வச்ச பதில் இது!



நாம மாநில சுயாட்சின்னு வாயைத் திறந்தாலே ஒரு வரி வரலாற்றோட சிலர் வந்து நிப்பாங்க. "அமெரிக்காவைப் பாருங்க. மாநில உரிமைன்னு பேசிப் பேசித்தான் அங்கே உள்நாட்டுப் போரே வந்துச்சு."

நம்ம ஆட்களே சில பேர் இதைக் கேட்டுட்டுப் பதில் தெரியாம ஒதுங்கிடுறாங்க. ஒதுங்க வேண்டாம். படிங்க.

1860-ல் அமெரிக்க மக்கள்தொகை சுமார் 3 கோடியே 14 லட்சம். அதில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். தாயை ஒருத்தருக்கும் பிள்ளையை இன்னொருத்தருக்கும் விற்கலாம், சட்டம் தடுக்காது. தெற்கின் பருத்திப் பணம் முழுக்க இவங்க முதுகில் விளைந்தது.

நாடு மேற்கே விரிய விரிய ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: புதுசா சேரும் பகுதியில் அடிமைமுறை உண்டா, இல்லையா? 1820-ல் மிசௌரி உடன்பாடு போட்டு, வரைபடத்தில் கோடு கிழிச்சாங்க. 1850-ல் இன்னொரு சமரசம். 1854-ல் அந்தப் பழைய கோட்டையே அழிச்சாங்க. கான்சாஸில் ரத்தம் ஓடியது. எல்லாச் சமரசத்துக்கும் விலை கொடுத்தது, பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியே இல்லாத அந்த 40 லட்சம் பேரின் சமூகம்தான்.

சரி, தெற்கு மாநிலங்கள் மாநில உரிமைக்காகவா நின்னாங்க? ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

👉 1850, தப்பியோடிய அடிமைகள் சட்டம். இது தெற்கு கேட்டு வாங்கிய ஒன்றியச் சட்டம். வடக்கே தப்பி வந்தவரைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பணும். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் அதிகாரி அவரை அடிமைன்னு அனுப்பினா 10 டாலர் கட்டணம். விடுவிச்சா 5 டாலர்தான்! வடக்கு மாநிலங்கள் தங்கள் சட்டமன்றங்களில் இதற்கு எதிரா பாதுகாப்புச் சட்டம் போட்டன. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டமே செல்லாதுன்னு சொன்னது. 1859-ல் வாஷிங்டனில் இருந்த உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. அப்போ மாநில உரிமை பேசினது யாரு? வடக்கு. அதை நசுக்கச் சொன்னது யாரு? தெற்கு.

👉 1857, டிரெட் ஸ்காட் தீர்ப்பு. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது, ஒன்றியத்தின் ஆட்சிப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. தெற்கு கொண்டாடியது.

👉 1860 நவம்பரில் லிங்கன் ஜெயிச்சார். டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிஞ்சது. அதன் அறிக்கையில் இருக்கும் புகார் என்ன தெரியுமா? வடக்கு மாநிலங்கள் தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரலையாம். கறுப்பினத்தவருக்குச் சில மாநிலங்கள் குடியுரிமையும் ஓட்டும் கொடுத்துட்டாங்களாம். மிசிசிப்பி இன்னும் வெளிப்படை: எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு பிணைந்தது என்றே எழுதியது.

👉 பிரிஞ்சவங்க எழுதிய அரசியலமைப்பு: அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பறிக்கும் சட்டம் எதையும் அவர்கள் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது. அவர்களின் துணைக் குடியரசுத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச்சில் மேடையேறி, வெள்ளையரும் கறுப்பரும் சமமில்லை என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று பேசினார்.

இதே ஸ்டீபன்ஸ் தோத்த பிறகு புத்தகம் எழுதி, சண்டை மாநில உரிமை பற்றியதுன்னு கதையை மாத்தினார். இன்னைக்கு நம்மகிட்ட வந்து ஒப்பிக்கிறது அந்தத் தோத்துப்போன தரப்பின் கதையைத்தான்!

லிங்கனைக் கடவுளாக்கவும் வேண்டாம். பதவியேற்ற அன்றே, அடிமைமுறை ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் கை வைக்க மாட்டேன்னு சொன்னவர் அவர். அது பரவக் கூடாது என்றதையே தெற்கால் தாங்க முடியல. 1861 ஏப்ரல் 12-ல் சம்டர் கோட்டை மீது முதல் குண்டைப் போட்டதும் அவங்கதான். போரின் திசையை மாத்தினதில், தோட்டங்களை விட்டு வடக்குப் படையிடம் ஓடி வந்த அடிமைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் அந்தப் படையில் சேர்ந்தாங்க. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, 1865-ல் 13-வது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது.

அந்த விடுதலையின் அர்த்தம் நம்ம நாட்டில் யாருக்குப் புரிஞ்சது தெரியுமா? ஜோதிராவ் பூலேவுக்கு. 1873-ல் 'குலாம்கிரி' நூலை அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அடிமைத்தனம் எதுன்னு சாதியால் மிதிபட்டவங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதனால், இனி யாராவது அந்த ஒரு வரி வரலாற்றைத் தூக்கிட்டு வந்தா மூணு கேள்வி கேளுங்க. எதற்கான உரிமை? யாருக்கு? யார் தலை மேலே?

தெற்கு கேட்டது மனுஷனை விற்கும் உரிமை. நாம கேட்கிறது நம்ம பிள்ளைகள் படிக்கவும், 69 விழுக்காடு இடஒதுக்கீட்டைக் காக்கவுமான உரிமை. ரெண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. அந்த மூணு கேள்வி நமக்கும் உண்டு. நம்ம மாநிலத்துக்குள்ளேயே ஒருத்தனை ஒருத்தன் மிதிக்கிறதுக்கு மாநில உரிமை கேடயமா நின்னா, அன்னைக்கு நாமதான் முதல்ல எழுந்து நின்னு கேட்கணும்.

படிங்க, பகிருங்க, விவாதத்துக்கு வாங்க ✊

#மாநிலஉரிமை #சமூகநீதி