'இன்ஃப்ளேமபிள்' என்றால் எரியுமா, எரியாதா?

பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரியின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று பெரிய எழுத்துக்களில் எழுதியிருப்பதைக் காணாத மாணவி நம்முள் அரிது. அதன் பொருள் என்னவென்று வினவினால், பெரும்பாலோர் 'எளிதில் தீப்பற்றுவது' என்று சரியாகவே விடை கூறுவர். ஆனால் லாரிக்குள் இருப்பது பெட்ரோல் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். சொல்லைப் படித்து ஆபத்தை அறிந்தார்கள் என்பதைவிட, ஆபத்தை அறிந்திருந்ததால் சொல்லின் பொருளை ஊகித்தார்கள் என்பதே பொருந்தும். அதே சொல், உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒரு சிறு புட்டியின்மீது அச்சிடப்பட்டிருந்தால் என்ன ஆகும்?

ஆங்கில இலக்கண வகுப்பில், 'இன்' என்னும் முன்னொட்டு எதிர்மறைப் பொருளைத் தரும் என்று கற்பிக்கிறோம். 'கரெக்ட்' என்றால் சரி; 'இன்கரெக்ட்' என்றால் தவறு. 'விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரிவது. 'இன்விசிபிள்' என்றால் தெரியாதது. இவ்விதியை ஒழுங்காக மனப்பாடம் செய்த மாணவி 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லைக் கண்டதும் என்ன நினைப்பாள்? 'தீப்பற்றாதது' என்றுதான் நினைப்பாள். படிக்காதவளை அல்ல, படித்தவளையே ஏமாற்றும் சொல் இது!

உண்மையில் இச்சொல்லில் உள்ள 'இன்' வேறு. தீமூட்டுதல் என்று பொருள்படும் 'இன்ஃப்ளம்மாரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது. அங்கே 'இன்' என்பதற்கு 'உள்ளே' என்று பொருள். மூச்சை உள்ளிழுத்தலைக் குறிக்கும் 'இன்ஹேல்' என்ற சொல்லில் இருப்பதும் இந்த 'இன்'தான். ஆலயத்தில் தூபக்கலசத்தில் இடும் சாம்பிராணியை ஆங்கிலத்தில் 'இன்சென்ஸ்' என்கிறோமே, அதுவும் எரித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியே, இதே முன்னொட்டுடன் வந்ததாகும். அதை எரியாத பொருள் என்று எவரும் எண்ணுவதில்லை. பிரெஞ்சு மொழியில் எரியக்கூடியதற்கு இன்றும் 'இன்ஃப்ளேமபிள்' என்ற அதே எழுத்துக்கோவைதான். எரியாதது என்று சொல்ல வேண்டுமானால் அவர்கள் அதன் முன்னால் இன்னும் ஒரு 'இன்' சேர்த்துக்கொள்கிறார்கள்.

'இன்' இல்லாத 'ஃப்ளேமபிள்' என்ற சொல் ஆங்கிலத்தில் 1813-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டபோதிலும், அதைச் சீந்துவாரில்லை. அதற்கு வாழ்வளித்தவர்கள் புலவர்கள் அல்லர். தீ விபத்துக்களைத் தடுக்க முயன்றவர்கள். 1896-இல் தொடங்கப்பெற்ற அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 1920-களில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுமாறு வற்புறுத்தியது. ரேயான் ஸ்வெட்டர்கள் ஒரு பொறி பட்டதும் குப்பென்று எரிந்து பலரைக் காயப்படுத்தியதையொட்டி, 1953-இல் அந்நாட்டில் துணிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரிலும் 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லே இடம்பெற்றது. பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனமும் 1959-இல் அதையே பரிந்துரைத்தது.

"மொழியறிவில்லாதவர்களுக்காக நல்ல சொல்லை ஏன் கைவிட வேண்டும்? மக்களுக்கல்லவா பொருளைக் கற்பிக்க வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. வகுப்பறையில் அக்கேள்வி நியாயமானதே. அங்கே பிழை நேர்ந்தால் சிவப்பு மையால் திருத்திவிடலாம். கிடங்கில் மூட்டை சுமப்பவருக்கும், கடையில் புட்டிகளை அடுக்கும் சிறுவனுக்கும், அடுப்படியில் அவசரமாய் நிற்கும் தாய்க்கும் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு இல்லை.

ஒரு சொல்லா இவ்வளவு தீங்கு செய்யும் என்று ஐயுறுவோர், பெஞ்சமின் லீ வோர்ஃப் என்பவரைப் பற்றி அறிதல் நலம். மொழியியல் அறிஞராகப் புகழ்பெற்ற இவர், இரசாயனப் பொறியியல் பயின்றவர். 1919 முதல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். தீ எப்படிப் பற்றியது என்று ஆராய்வது அவர் வேலை. மின்கம்பி, காற்றோட்டம் போன்ற காரணங்களைத் தேடிச் சென்றவர், பொருளுக்கு இட்ட பெயரே விபத்துக்கு வழிவகுத்த நிகழ்ச்சிகளைக் கண்டார். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகே அனைவரும் எச்சரிக்கையாக நடந்தனர். 'காலி' என்று பெயரிட்ட பீப்பாய்களின் அருகிலோ கவலையின்றிப் புகைபிடித்தனர். காலிப் பீப்பாயில் வெடிக்கக்கூடிய ஆவி நிறைந்திருக்கிறது. அதுவே கூடுதல் ஆபத்தானது. ஆனால் 'காலி' என்ற சொல் 'ஒன்றுமில்லை' என்று அவர்கள் காதில் ஓதிவிட்டது.

அவர் எழுதிய இன்னொரு நிகழ்ச்சி, வேதியியல் பயிலும் மாணவியருக்குச் சுவையானது. மரத்தைக் காய்ச்சி வடிக்கும் ஆலை ஒன்றில், வாலைகளின்மேல் சுண்ணாம்புக்கல்லால் செய்த பூச்சைப் போர்த்தியிருந்தனர். கல்தானே என்று அதைத் தீயிலிருந்து காக்க எவரும் முனையவில்லை. ஒரு நாள் வாலையின் அடியிலிருந்த நெருப்பு பரவியபோது, அனைவரும் வியக்கும்படி அந்தக் 'கல்' கொழுந்துவிட்டு எரிந்தது! ஆலையிலிருந்து வெளியான அசிட்டிக் அமில ஆவி பட்டுப்பட்டு, கால்சியம் கார்பனேட்டின் ஒரு பகுதி கால்சியம் அசிடேட்டாக மாறியிருந்தது. அது சூடேறியதும் சிதைந்து அசிட்டோனைத் தந்தது. அசிட்டோன் எப்படி எரியும் என்று சொல்லவும் வேண்டுமோ?

நகப்பூச்சைத் துடைக்க நம் பெண்கள் பயன்படுத்தும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அசிட்டோன்தான். 2020-இல் கொரோனா வந்தபிறகு வீடுதோறும் இடம்பிடித்த சானிடைசரில் பெரும்பகுதி ஆல்கஹால். அதன் ஆவி நம் ஊர் வெப்பத்திலேயே தீப்பற்றும்; அதன் சுடரோ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. கையில் தேய்த்த ஈரம் உலருமுன் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கலாகாது. இந்த எச்சரிக்கை சில புட்டிகளில் 'ஃப்ளேமபிள்' என்றும், சிலவற்றில் 'இன்ஃப்ளேமபிள்' என்றும் பொடி எழுத்தில் காணப்படுகிறது. என் கருத்தில் இதுவே எல்லாவற்றிலும் மோசமான நிலை. பழைய சொல் மட்டும் இருந்திருந்தால்கூடப் பழகிப்போயிருக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் காண்பவர், ஒன்று மற்றொன்றின் எதிர்ச்சொல் என்று முடிவு செய்வது இயல்பன்றோ?

ஆகவே எச்சரிக்கைச் சீட்டுக்களில் 'ஃப்ளேமபிள்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். இரசாயனப் பொருள்களுக்காக ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்துள்ள முறையின் ஆங்கில வாசகங்களிலும் அச்சொல்லே உள்ளது. கூடவே தீச்சுடரின் படமும் உண்டு. பழைய சொல் கதைகளிலும் கட்டுரைகளிலும் வாழட்டும். முன்கோபிகளை வருணிக்க அது மிகவும் ஏற்றது.

ஆனால் தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்கு, இரண்டு ஆங்கிலச் சொற்களில் எது நல்லது என்ற விவாதம் பாதி வேலைதான். 'எளிதில் தீப்பற்றும்' என்ற இரண்டே சொற்களை எந்தத் தாய் தவறாகப் படிப்பாள்? 'எரிசாராயம்' என்ற பெயரைப் பாருங்கள். தீ அதன் முதலிலேயே நிற்கிறது. இலக்கணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது எச்சரித்துவிடுகிறது. தமிழ் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 'காலி சிலிண்டர்' என்று நாம் அடுக்களை மூலையில் தள்ளிவைப்பதில் மிச்சமிருக்கும் வாயுவை, அந்தக் 'காலி' என்ற சொல்லும் மறைத்துத்தான் விடுகிறது. அதற்கும் மூடி போட்டுத்தான் வைக்க வேண்டும்.

நம் வேதியியல் ஆய்வுக்கூட அலமாரியில் ஈதர், அசிட்டோன், ஸ்பிரிட் புட்டிகளின்மேல் ஆங்கிலச் சீட்டுக்களே உள்ளன. அவற்றின் அருகே தமிழில் எழுதி, ஒரு தீச்சுடரும் வரைந்து ஒட்டும் பணியைப் பதினொன்றாம் வகுப்பு மாணவியர் ஏற்றுக்கொள்ளலாம். ஆசிரியையின் அனுமதியும், ஒரு பிற்பகலும், கொஞ்சம் பசையும் போதும். எழுத்துக்கள் மட்டும் பெரிதாக இருக்கட்டும். மாலையில் அக்கூடத்தைப் பெருக்க வரும் ஆயாவும் நின்றபடியே படிக்க வேண்டும்.