நூறு எடுக்காத பள்ளிக்குப் பொன்னாடை கிடையாதாம்

கல்வி மாவட்டப் பாராட்டு விழாவுக்கான இந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்த ஆசிரியர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியை நாமும் கேட்கிறோம்: இதை உட்கார்ந்து எழுதியவர்கள் கடைசியாக ஒரு வகுப்பறைக்குள் போய் நின்றது எப்போது? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பாட ஆசிரியர்களுக்கும் பொன்னாடை, கேடயம். மாவட்ட அளவில் முதல் மூன்று இடம் பிடித்த மாணவர்களுக்குப் பரிசு. அவ்வளவுதான். சென்ற ஆண்டு வரை ஒப்புக்காவது பட்டியலின் கடைசியில் இருந்த விளையாட்டுப் பிள்ளைகளும், கலைத் திருவிழாவில் வென்றவர்களும், தேசிய வருவாய்வழி திறன் படிப்புதவித் தேர்வில் தேறியவர்களும் இந்த முறை அதிலும் இல்லை. விழா நீண்டுவிடுகிறதாம். அழைப்பிதழில் வாழ்த்துரை வழங்குவோரின் பெயர்கள் எத்தனை வரிக்கு ஓடும் என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறவர்கள் நாம். எதைக் குறைத்தால் விழா சுருங்கும் என்று சொல்ல வல்லுநர் குழு தேவையில்லை.

பாராட்டுவதில் நமக்கு மாறுபாடு கிடையாது. அரசுப் பள்ளி ஆசிரியரைத் திட்ட ஊரெல்லாம் ஆளிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாளாவது அவரை மேடையேற்றிக் கைதட்டத்தான் வேண்டும். நூறு சதவீதம் எடுத்த பள்ளிகளில் பெரும்பாலானவை மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு நடத்தி, ஆசிரியர்களே சொந்தக் காசில் சுண்டலும் தேநீரும் வாங்கிக் கொடுத்து உழைத்தவை. அந்தக் கேடயம் அவர்களுக்கு உரியதுதான். ஆனால் நூறைத் தவிர வேறெதுவும் சாதனை ஆகாது என்று முடிவு செய்தார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்த நூறு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்போம். தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதே தேர்ச்சி விகிதம். பெயர் பதிவாகி, நுழைவுச்சீட்டு வந்து, தேர்வறைக்கு வராமல் போன பிள்ளை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் வரவில்லை. நாளிதழ்கள் எல்லாம் தலைப்புச் செய்தி போட்டன. சட்டப்பேரவை வரை பேச்சு போயிற்று. மே மாதம் முடிவு வந்தபோது, எழுதிய 8,03,385 பேரில் 7,55,451 பேர் தேறினார்கள், 94.03 சதவீதம் என்று பெருமையோடு அறிவிக்கப்பட்டது. வராமல் போனவர்களையும் சேர்த்து வகுத்தால் அந்த எண் 90-ஐத் தொடாது. அந்த 50 ஆயிரம் பேரில் பாதியில் படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்கள் உண்டு, திருமணம் செய்து கொடுக்கப்பட்ட பெண் பிள்ளைகள் உண்டு. அவர்களால் எந்தப் பள்ளியின் விகிதமும் குறையவில்லை. அவர்களைத் தேடிப் போகாத பள்ளிக்கும் கேடயம் கிடைக்கும். தேடிப் போய் அழைத்துவந்து தேர்வறையில் உட்காரவைத்த பள்ளிக்குத்தான் ஆபத்து.

மாவட்டத்துக்கு மாவட்டம் நடப்பது இது. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. தலைமை ஆசிரியரும் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநரும் செங்கல் சூளைக்கும் நூற்பாலைக்கும் கோழிப் பண்ணைக்கும் போய், அம்மா அப்பாவிடம் கெஞ்சி, இரண்டு ஆண்டு விட்டுப்போன ஒரு பையனை மறுபடி ஒன்பதாம் வகுப்பில் உட்காரவைக்கிறார்கள். அவனுக்கு வகுத்தல் மறந்துபோயிருக்கும். மெல்லக் கற்போர் பட்டியலில் பெயரை எழுதி, தனிக் கையேடு கொடுத்து, இரண்டு ஆண்டு இழுத்துப் பிடித்து பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அனுப்புகிறார்கள். நான்கு பாடத்தில் தேறிவிடுகிறான். கணக்கில் மட்டும் 28 எடுக்கிறான். தேற 35 வேண்டும். அதே பையன் ஜூலை துணைத் தேர்வில் கணக்கையும் எழுதித் தேறிவிடுகிறான். ஆனால் பள்ளியின் விகிதம் மே மாதமே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்தப் பள்ளி மேடைக்குக் கீழே. கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவரவர் வட்டாரத்தில் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு பள்ளியின் பெயரைச் சொல்வார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரை அழைத்து, பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுங்கள், தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும் என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்தனுப்பும் பழக்கம். எல்லாப் பள்ளிகளும் இதைச் செய்கின்றன என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் செய்கிற பள்ளிக்கு இந்தப் பட்டியலில் தண்டனை ஏதும் இல்லை, பரிசு உண்டு என்று மட்டும் சொல்கிறோம். நல்ல மனம் படைத்த தலைமை ஆசிரியர்கூட, மீளாய்வுக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளியின் நூறைக் காட்டித் தன்னை எழுப்பி நிற்கவைத்துக் கேள்வி கேட்ட பிறகு, அடுத்த ஜூனில் அந்தச் செங்கல் சூளைக்குப் போகத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குத்தான் இப்போது பொன்னாடை போர்த்தப்போகிறார்கள்.

சாதாரணக் கணக்கும் இவர்களுக்கு வரவில்லை. ஒன்பது பேர் எழுதி ஒன்பது பேரும் தேறினால் நூறு சதவீதம். 320 பேர் எழுதி 317 பேர் தேறினால் 99.06. முதல் பள்ளிக்குக் கேடயம், இரண்டாவது பள்ளிக்கு மூன்று பேர் ஏன் போனார்கள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம். அந்த 317 பேரைத் தேற்றியவர்கள் இந்த மாவட்டத்தின் ஆசிரியர்கள் இல்லையா?

தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களின் கதை இன்னும் கொடுமை. அங்கே பொதுத்தேர்வு இல்லை. எனவே நூறு இல்லை. எனவே சாதனையும் இல்லை. கொரோனா காலத்தில் எழுத்தே மறந்துபோய்த் திரும்பிய பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அட்டை வெட்டி, படம் ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறது என்று செல்பேசியில் பதிந்து, பதிவேற்றம் ஆகாமல் நள்ளிரவு வரை பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தோடு மல்லுக்கட்டியவர்கள் அந்த ஆசிரியர்கள். அவர்கள் கற்றுக்கொடுத்த அ, ஆ மீதுதான் பத்தாம் வகுப்பின் நூறு நிற்கிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் படிப்புதவித் தேர்வைப் பட்டியலிலிருந்து நீக்கியது அதைவிட மோசம். இந்தத் தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. ஆண்டுக்குத் தமிழ்நாடு முழுமைக்கும் 6,695 இடங்கள்தான். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயே நடக்கும் கடும் போட்டி அது. மனத்திறன் தாளில் 90 கேள்வி, படிப்பறிவுத் தாளில் 90 கேள்வி. பாடநூலில் இல்லாத மனத்திறன் கணக்குகளை ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் தானே கற்று, கேள்வித்தாளை நகலெடுத்து, விடுமுறையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். கூலி வேலை செய்யும் தாய் அந்தப் பணத்தை நம்பித்தான் மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கவைக்கிறார். இதைச் சாதனை என்று எழுத இடமில்லாத பட்டியலை வேறு எதற்கு வைத்திருக்கிறார்கள்?

பகுதிநேர ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி கற்பிக்க மாநிலம் முழுவதும் 16,549 பேர் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். பிறகு அது 2024-இல் 12,500 ரூபாய் ஆனது. மே மாதச் சம்பளம் அப்போதும் இருந்ததில்லை. கலைத் திருவிழாவில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஏறிய மேடைகளுக்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் அது சென்னையில் முடிவாக வேண்டியது என்பார்கள், சரி. ஒரு பொன்னாடைக்குமா சென்னையைக் கேட்க வேண்டும்?

முதல் மூன்று இடங்கள் என்ற விவகாரத்தை நீட்ட விரும்பவில்லை. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-இல் அரசே நிறுத்தியது. பிள்ளைகள் மீது விழும் அழுத்தமும், தனியார் பள்ளிகள் சாலையோரம் வைத்த விளம்பரப் பலகைகளும் அப்போது காரணமாகச் சொல்லப்பட்டன. மாநிலம் வாசல் வழியே வெளியே அனுப்பியதை மாவட்டம் கொல்லைப்புறமாகக் கூட்டிவருகிறது.

இந்தப் பட்டியலை எழுதியவர்களிடமிருந்து இப்படி ஒரு முடிவு வருவதில் வியப்பும் இல்லை. இதே ஆட்கள்தான் முன்பொரு முறை காலை பத்து மணி விழாவுக்கு எட்டு மணிக்கே பிள்ளைகளை வரவழைத்து, சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை பந்தல் இல்லாத திடலில் உட்காரவைத்தார்கள். மயங்கி விழுந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க ஓடியவர் சத்துணவு அமைப்பாளர். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. இதே ஆட்கள்தான் வாங்கிய கேடயத்தில் பள்ளியின் பெயரைத் தப்பாகப் பொறித்துக் கொடுத்து, திருத்தித் தருகிறோம் என்று திரும்ப வாங்கி, பிறகு தரவே இல்லை. பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்த செலவைத் தலைமை ஆசிரியர் தலையில் கட்டி, ரசீதைக் கொடுங்கள் பார்க்கலாம் என்றவர்களும் இவர்களே. குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் வென்றவர்களுக்கான சான்றிதழ், பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு வந்து சேர்ந்த கதை இன்னும் பழையது. அப்போதும் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அறிவியல் கண்காட்சியில் திறந்துவைப்பவர் வரவில்லை என்று மதியம் வரை எந்த மாதிரியையும் தொடக்கூடாது என்று உத்தரவிட்டதை நினைவுபடுத்தினால் கோபம் வருகிறது அவர்களுக்கு. நல்லாசிரியர் விருதுப் பரிந்துரைகளில் இந்த மாவட்டத்திலிருந்து யார் பெயர் போகிறது, யார் பெயர் எந்த மேசையில் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் முணுமுணுப்பதை ஒருநாளும் அவர்கள் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒவ்வொரு முறையும் பிழை ஒரே இடத்தில்தான் நடக்கிறது. விழா யாருக்காக என்ற கேள்விக்கு விடை, மேடையில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்கள் என்றே இவர்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. விருந்தினர் கையில் எடுத்துக்கொடுக்க எளிதான ஒரு எண் வேண்டும்; புகைப்படத்தில் கேடயம் பளபளக்க வேண்டும்; மறுநாள் நாளிதழில் — நம்முடையதிலும்தான் — வர வேண்டும். நூறு அதற்கு வசதி. 28-இல் இருந்து 35-க்கு ஒரு பையனை நகர்த்திய ஆசிரியரை மேடையேற்றினால், அதை விளக்கிச் சொல்ல யாராவது அந்தப் பள்ளிக்கு ஒருமுறையாவது போய் வந்திருக்க வேண்டுமே.

பட்டியல் மாற வேண்டும். பிள்ளைகள் எங்கே தொடங்கினார்கள், எங்கே வந்து நிற்கிறார்கள் என்று பார்க்கிற ஏதாவதொரு அளவுகோல் வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதை வட்டாரக் கல்வி அலுவலர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கிற பெற்றோரும் உட்கார்ந்து பேசட்டும். எந்த ஆசிரியர் மழையிலும் வந்தார், யார் வீட்டுக்கே வந்து பிள்ளையைக் கூட்டிப்போனார் என்று அந்தப் பெற்றோர்கள் பெயர் பெயராகச் சொல்வார்கள். நேரம் போதாது என்ற பதிலை நாம் எதிர்பார்க்கிறோம். கேடயத்துக்கும் பொன்னாடைக்கும் விலைப்புள்ளி கேட்க இருந்த நேரத்தில் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று தெரிகிறது. வாழ்த்துரைப் பட்டியலில் இரண்டு பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் படிப்புதவித் தேர்வில் தேறிய பிள்ளைகளையாவது முதலில் எழுதுங்கள்.