எந்தக் கண்டத்து லீக் பலமானது?

2025 ஜூலை முதலாம் திகதி காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். அமெரிக்காவின் ஒர்லாண்டோ நகரில் கழகங்களுக்கான உலகக் கிண்ணப் போட்டி. மன்செஸ்டர் சிட்டியும் சவூதியின் அல் ஹிலாலும் மோதின. வாப்பா பதினொரு வருடம் ரியாத்தில் வேலை செய்தவர். அல் ஹிலால் ரியாத் கழகம் என்பதால் அந்த நீல ஜெர்சியில் அவருக்கு ஒரு தனிப் பாசம். நானா சிட்டி பக்கம். ஒன்பதாவது நிமிடத்திலேயே சிட்டி கோல் போட்டுவிட்டது.

“முடிஞ்சி வாப்பா. சவூதி லீக் என்டா பென்ஷன் எடுத்தவங்கட லீக்” என்றார் நானா.

நான் ஏழு மணிக்குப் பாடசாலைக்குக் கிளம்பிவிட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் மேசையில் வட்டிலப்பம். மேலதிக நேரத்தில் 4-3 என்று அல் ஹிலால் வென்றிருந்தது! அன்று முழுவதும் நானா வாய் திறக்கவில்லை. மறுநாள்தான், “ஒரு மெட்ச வச்சி லீக்கப் பத்திப் பேசேலாது” என்றார். தோற்ற பிறகு சொன்ன பேச்சுத்தான். ஆனாலும் அது சரியான பேச்சு என்று எனக்குப் பட்டது.

அந்தப் போட்டித் தொடரையே பாருங்கள். சில வாரங்களுக்கு முன்புதான் இன்டர் மிலானை 5-0 என்று வென்று ஐரோப்பாவின் சம்பியனான பாரிஸ் செயின்ட் ஜேர்மனை, பிரேசிலின் பொட்டாபோகோ 1-0 என வீழ்த்தியது. பிளமெங்கோ செல்சியை 3-1 என வென்றது. பிரேசிலிலிருந்து போன நான்கு கழகங்களும் முதல் சுற்றைத் தாண்டின. அப்படியானால் பிரேசில் லீக்தான் பெரியதா? ஐரோப்பிய வீரர்கள் நீண்ட பருவம் முடிந்த களைப்போடு வந்தவர்கள், பிரேசில்காரர்களோ தங்கள் பருவத்தின் நடுவில் இருந்தவர்கள். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கியதும் பிளமெங்கோவிடம் தோற்ற அதே செல்சிதான்.

வகுப்பில் முதலாம் பிள்ளையின் புள்ளியை மட்டும் பார்த்து வகுப்பையே கெட்டிக்கார வகுப்பு என்று சொல்ல முடியாது என்பது நமக்குத் தெரியும். பதினைந்தாம் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தாள் என்று கேட்க வேண்டும். லீக்கும் அப்படித்தான். உலகக் கிண்ணம் வென்ற செல்சி அந்தப் பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் நான்காவது இடம். அதைவிட வியப்பானது அதே ஆண்டு யூரோப்பா லீக் இறுதிப் போட்டி. டொட்டன்ஹாமும் மன்செஸ்டர் யுனைடெட்டும் மோதி டொட்டன்ஹாம் வென்றது. இருபது அணிகள் கொண்ட பிரீமியர் லீக்கில் டொட்டன்ஹாம் 17ஆவது, யுனைடெட் 15ஆவது! வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருந்த இரண்டு கழகங்கள் ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய கிண்ணத்துக்காக மோதியிருக்கின்றன. ஜேர்மனியில் பயேர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து பதினொரு தடவை சம்பியன். பயேர்ன் பெரிய கழகம்தான், ஆனால் ஒரே பெயர் பதினொரு வருடம் எழுதப்படும் லீக்கை நான் இங்கிலாந்துக்குச் சமமாக வைக்க மாட்டேன். ஆகவே லீக் என்ற கணக்கில் நானாவுக்கே வெற்றி. ஐரோப்பா முன்னால், அதிலும் இங்கிலாந்து வெகு முன்னால்.

ஆனால் “மற்றதெல்லாம் ஒன்டுமில்ல” என்று அவர் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த இடைவெளி எப்போதும் இருந்ததல்ல. ஐரோப்பிய சம்பியனும் தென் அமெரிக்கச் சம்பியனும் மோதும் கண்டங்களுக்கிடையிலான கிண்ணம் 1960இல் தொடங்கி 2004 வரை நடந்தது. அதில் தென் அமெரிக்கா 22 தடவை வென்றது, ஐரோப்பா 21 தடவை. இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதன் பிறகு வந்த கழக உலகக் கிண்ணத்தில் 2012இல் கொரிந்தியன்ஸ் வென்றதோடு தென் அமெரிக்காவின் கதை நின்றுவிட்டது.

இடையில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மான் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதுவரை ஒரு கழகம் சில வெளிநாட்டு வீரர்களை மட்டுமே ஆடவைக்கலாம். தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களை வெளிநாட்டவராகக் கணக்கெடுக்க முடியாமல் போனது. மீதமான வெளிநாட்டு இடங்கள் பிரேசிலுக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் திறந்தன. தொலைக்காட்சிப் பணமும் அதே காலத்தில் பெருகியது. பிறகு யார் சொந்த ஊரில் நிற்பார்கள்? 2022இல் உலகக் கிண்ணம் வென்ற ஆர்ஜென்டீனாவின் 26 பேரில் சொந்த நாட்டு லீக்கில் ஆடியவர் ஒரே ஒருவர், அதுவும் மாற்றுக் கோல் காப்பாளர். அந்த ஆர்ஜென்டீனாவை அதே தொடரில் 2-1 என்று வென்ற சவூதியின் 26 பேருமே சவூதி லீக்கில் ஆடியவர்கள். வாப்பா அன்று கண் கலங்கினார். உம்மாவுக்குச் சிரிப்பு.

வாப்பாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சிட்டிக்கு எதிராக அல் ஹிலால் போட்ட நான்கு கோல்களில் இரண்டு மார்கோஸ் லியோனார்டோவினுடையவை, ஒன்று மால்கொமினுடையது, ஒன்று கூலிபாலியினுடையது. இரண்டு பேர் பிரேசில், ஒருவர் செனகல். மூவரும் ஐரோப்பியக் கழகங்களிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர்கள். அதை ஆசியாவின் வெற்றி என்று வட்டிலப்பம் வாங்கினால், ஐரோப்பாவின் வெற்றியையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிவரும்.

நான் வர்த்தகப் பிரிவில் படிக்கிறேன். நம் தேயிலை பெட்டி பெட்டியாகக் கப்பல் ஏறி, வேறு நாட்டில் கலந்து பொதியாகி, வேறொரு பெயரில் விற்கப்படுவதைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் எனக்குப் பிரேசில் கழகங்கள்தான் நினைவுக்கு வரும். கொழுந்து எங்கே, லாபம் எங்கே? ஐரோப்பிய லீக் வலிமையான லீக்தான், ஆனால் அந்த வலிமையில் எவ்வளவு அங்கே விளைந்தது என்று கேட்காமல் மற்ற லீக்குகளைப் பார்த்துச் சிரிப்பது நியாயமில்லை. நம் பிள்ளைகள் செல்சி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பக்கத்து மைதானத்தில் நடக்கும் போட்டியை எட்டியும் பார்க்காமல் போவதும் இந்தச் சிரிப்பின் ஒரு பங்குதான் என்பது என் எண்ணம். (“பொம்புளப் புள்ளைக்கு இந்தப் பந்துக் கணக்கெல்லாம் எதுக்கு?” என்று வாப்பும்மா கேட்பார். கேட்டுவிட்டு, “யார் வெண்ட?” என்றும் கேட்பார்.)

ஜூலை ஒன்பதாம் திகதி, நள்ளிரவு தாண்டி அரை மணி. அரையிறுதியில் செல்சியும் பிரேசிலின் புளுமினென்சேயும். புளுமினென்சே இன்டர் மிலானையும் அல் ஹிலாலையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தது. அதன் கோல் காப்பாளருக்கு வயது 44. செல்சி 2-0 என்று வென்றது. இரண்டையும் போட்டவர் ஜொவாவோ பெட்ரோ. சில நாட்களுக்கு முன்புதான் செல்சி அவரை வாங்கியிருந்தது. பிரேசிலில் பிறந்து, புளுமினென்சேயின் பயிற்சிக் கூடத்திலேயே வளர்ந்து, பதினெட்டு வயதில் இங்கிலாந்து போனவர். கோல் போட்டதும் அவர் ஓடவில்லை, குதிக்கவில்லை. மன்னிப்புக் கேட்பவர் போல இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

நானா எழும்பி நின்று கைதட்டினார். “இந்த ரெண்டு கோலையும் எந்தக் கண்டத்துக் கணக்கில எழுதுற நானா?” என்று கேட்டேன்.

“செல்சிட கணக்கில” என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாவம் அவன்” என்றார்.