கீழ் வீட்டுக்காரரின் காது

ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பொழுதை எவ்வாறு பயனுள்ளதாக்கிக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைக் கண்ணுற்ற அன்பர்கள் சிலர், "ஊருக்கெல்லாம் யோசனை கூறுகிறீரே, உம்முடைய பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது; மறைக்காமல் விடையிறுப்பதே முறை.

அறுபத்திரண்டாம் வயதில் நான் பியானோ கற்கத் தொடங்கினேன். அதிலும் ஜாஸ் என்னும் அமெரிக்க சங்கீதத்தில் வழங்கும் பழைய காதற் பாட்டுக்களைக் கற்கத் தொடங்கினேன். அதையும் ஓர் ஆசிரியர் முன் அமர்ந்து கல்லாமல், இணையவழிப் பாடங்களைத் திரையில் பார்த்துக் கற்கத் தொடங்கினேன். இம்மூன்றில் எது பெரிய பைத்தியக்காரத்தனம் என்பது குறித்து எங்கள் இல்லத்தில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

ஆசையின் மூலம் பழையது. 1983இல் வேலை தேடி இந்நகருக்கு வந்து, மாதுங்காவில் ஓர் அறையில் அறுவராகத் தங்கியிருந்தோம். அறைத் தோழர் ஒருவரிடம் ஒரு கேசட் இருந்தது. இரவில் விளக்கை அணைத்தபின், அதிலிருந்த ஒரு பியானோ இசையை அவர் மெல்லிய ஒலியில் வைப்பார். படிப்படியாக இறங்கிவரும் மெட்டு. அதன் பெயர் எனக்குத் தெரியாது. வீட்டு நினைவுக்கும் அதற்கும் ஏதோ உறவு உண்டு என்பது மட்டும் தெரிந்தது. பல ஆண்டுகள் கழித்தே அது 'ஆட்டம் லீவ்ஸ்' என்று அறிந்தேன். இலையுதிர் காலத்து இலைகள் என்பது பொருள்.

ஜாஸ் உலகில் 'ஸ்டாண்டர்ட்' என்று வழங்கும் பாட்டுக்களில் பல, ஜாஸ் வித்வான்கள் இயற்றியவை அல்ல. நாடக மேடையிலும் திரைப்படத்திலும் பிறந்தவை. ஜெரோம் கெர்ன் 1939இல் ஒரு நாடகத்துக்கு மெட்டமைத்தார். அந்நாடகம் 59 முறை நடந்து படுத்துவிட்டது. ஆயினும் அதிலிருந்த 'ஆல் த திங்ஸ் யூ ஆர்' என்னும் பாட்டு இன்றுவரை வித்வான்கள் கையில் உயிரோடிருக்கிறது. இத்தகைய பாட்டு பெரும்பாலும் நான்கு எண்ணிக்கை கொண்ட 32 ஆவர்த்தனங்களில் அடங்கும். முதலில் மெட்டை உள்ளபடி வாசிப்பார்கள்; பின்பு அதே 32 ஆவர்த்தனங்களின் மேல் மனோதர்மத்தைக் காட்டுவார்கள்; இறுதியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நிரவலும் கற்பனாஸ்வரமும் கேட்டுப் பழகிய நமக்கு இது முற்றும் புதிய உலகம் அன்று.

'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டின் வரலாறு, சொந்த ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றோருக்கு நெருக்கமானது. மெட்டை இயற்றிய ஜோசப் கோஸ்மா 1905இல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில் பிறந்து, 1933இல் பாரிஸ் வந்து சேர்ந்தவர். யூதராதலால், ஜெர்மானியர் பிரான்ஸைக் கைப்பற்றியிருந்த காலத்தில் வெளிப்படையாகத் தொழில் செய்ய முடியாமல், பிறர் பெயரின் பின் மறைந்திருந்து திரைப்படங்களுக்கு இசையமைத்தார். போர் முடிந்தபின், 1946இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் இம்மெட்டு இடம் பெற்றது. பிரெஞ்சுச் சொற்களை எழுதியவர் கவிஞர் ழாக் பிரேவேர். பாடிப் பரப்பிய ஈவ் மோந்தான், இத்தாலியில் பிறந்து மார்சேயில் வளர்ந்தவர். ஆங்கிலச் சொற்கள் அமெரிக்கரான ஜானி மெர்சர் தந்தவை. 1959இல் பில் எவான்ஸ் என்னும் பியானோ வித்வான் தம் இருவர் துணையோடு இதை இசைத்தட்டில் பதிவு செய்தார். இவ்வளவு தூரம் அலைந்த பாட்டு, மாதுங்காவில் அறுவர் படுத்திருந்த அறைக்கும் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

இனிப் பாடங்களைப் பற்றிக் கூறுவேன். 88 கட்டைகள் கொண்ட மின் பியானோ ஒன்றை வாங்கினேன். 52 வெள்ளை, 36 கறுப்பு. இணையத்தில் ஓராண்டுக்குச் சந்தா கட்டினேன். திரையில் ஆசிரியரின் இரு கைகளும் மேலிருந்து தெரியும். விரைவாக வாசித்தால் பாதி வேகத்துக்குக் குறைத்துப் பார்க்கலாம். நூறு முறை திருப்பிப் பார்த்தாலும் அவர் முகம் சுளிக்கமாட்டார். என் போன்ற மந்த மாணாக்கனுக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

அப்பாடங்களில் நான் கற்ற மிக அழகிய விஷயம் ஒன்று உண்டு. மேனாட்டு சங்கீதத்தில் பல ஸ்வரங்களை ஒருங்கே ஒலிக்கும் கூட்டுக்குக் 'கார்டு' என்று பெயர். ஐந்து கட்டை ஸ்ருதியை, அதாவது 'ஜி' என்னும் கட்டையை, ஷட்ஜமாகக் கொள்ளுங்கள். 'ஆட்டம் லீவ்ஸ்' தொடங்கும் மூன்று கூட்டுக்கள் இவை: ரி ம த ச, ப நி ரி ம, ச க ப நி. எல்லாம் சங்கராபரணத்து ஸ்வரங்களே. நான்கு நான்காக அழுத்தினால் கை தடுமாறுகிறது. ஆசிரியர் சொன்ன உபாயம் இது: கூட்டின் ஆதார ஸ்வரத்தை நீக்கினால், அதன் குணத்தைத் தெரிவிப்பவை இரண்டு ஸ்வரங்கள் மாத்திரமே, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். அப்படி விட்டால் எஞ்சுவன: ம–ச, ம–நி, க–நி. முதலில் மத்யமம் அசையாமல் நிற்க, ஷட்ஜம் அடுத்த கட்டையான நிஷாதத்துக்கு இறங்குகிறது. பின்பு நிஷாதம் நிற்க, மத்யமம் அடுத்த கட்டையான காந்தாரத்துக்கு இறங்குகிறது. ஒரு விரல் நிற்க ஒரு விரல் நகர்வது, அவ்வளவே. நான் இருட்டில் கேட்டு மயங்கிய இறக்கத்தின் இரகசியம் இதில் இருந்தது. அன்று மாலை இவ்விரண்டு விரல்களை மட்டும் ஒரு மணி நேரம் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு கற்றும் என்னால் ஒரு பாட்டை முழுதாக வாசிக்க முடியவில்லை. அது எனக்கே தெரியாமலிருந்ததுதான் வேடிக்கை. வீட்டாருக்குத் தொந்தரவு ஆகாதிருக்க, ஹெட்போன் மாட்டிக்கொண்டே சாதகம் செய்துவந்தேன். ஒரு பாடத்தின் முதற்பகுதி கைக்கு வந்ததும், அடுத்த பாடம் கண்ணைப் பறிக்கும். 'மிஸ்டி' அழைக்கும், 'மை ஃபன்னி வாலன்டைன்' அழைக்கும். புத்தகக் கடையில் முதற்பக்கங்களை மட்டும் புரட்டுகிறவனைப் போலப் பாட்டு விட்டுப் பாட்டுத் தாவிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் கோவாக்காரர். எண்பது வயதைக் கடந்தவர். "மேலே தச்சு வேலை நடக்கிறதா?" என்று இந்தியில் வினவினார். மின் பியானோவின் ஒலி வெளியே கேளாவிட்டாலும், கட்டைகளை அழுத்தும் 'டொக் டொக்' ஓசை தரை வழியே இறங்கும் என்பதை நான் நினைத்தும் பார்த்ததில்லை. வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டு, பியானோவைக் காட்டினேன்.

அவர் சிரித்தார். "தச்சு வேலை அல்ல என்று எனக்குத் தெரியும். தச்சன் தொடங்கிய வேலையை முடிப்பான். நீங்கள் ஆறு மாதமாக எட்டு ஆவர்த்தனத்துக்கு மேல் போகவேயில்லை" என்றார்.

இளமையில் ஹோட்டல் வாத்தியக் குழுக்களில் சாக்ஸபோன் வாசித்தவர் அவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே படிக்கட்டில் பதினான்கு ஆண்டுகள் ஏறி இறங்கியும், மழையையும் தண்ணீர் லாரியையும் தவிர வேறொன்றும் நாங்கள் பேசியதில்லை. பம்பாயின் ஜாஸ் வரலாற்றில் கோவாக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1935இல் லியான் ஆபி என்னும் அமெரிக்கர் தம் குழுவோடு தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தார். அவருக்குப் பின்னும் அங்கு வந்த அயல்நாட்டாரிடம் கேட்டுக் கற்று, கோவா வித்வான்கள் தாமே குழுக்கள் அமைத்தார்கள். பகலில் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வாசித்தார்கள். 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படத்தில் சி. ராம்சந்திராவுக்குத் துணை நின்றவர், சிக் சாக்லேட் என்று புகழ் பெற்ற டிரம்பெட் வித்வான். எங்கள் கீழ் வீட்டுக்காரர் அதற்கு அடுத்த தலைமுறை. "பற்கள் போயின, அவற்றோடு சாக்ஸபோனும் போயிற்று" என்றார்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னார். 'ஆட்டம் லீவ்ஸ்' தொடங்கினேன். எட்டாவது ஆவர்த்தனத்தில் நின்றேன். "மீதி?" என்றார். மீதி இல்லை. வேறொன்று தொடங்கினேன், அதுவும் அவ்வாறே. 62 வயது வரை அலுவலகக் கோப்பு ஒன்றைக்கூடப் பாதியில் விட்டிராத எனக்கு அந்த ஐந்து நிமிஷம் மிக நீளமாக இருந்தது.

அவர் திரையிலிருந்த பாடப் பட்டியலை நோக்கினார். "இந்த ஆசிரியர் நல்லவர், கை சுத்தமாக இருக்கிறது. ஆனால் இவருக்கு உங்கள் வாசிப்புக் கேட்காதே! உங்கள் வலக்கால் மிதியை விட்டு எழுவதேயில்லை என்று யார் சொல்வார்கள்?" என்றார். உண்மைதான். பியானோவின் வலப்புற மிதியை அழுத்தியிருக்கும்வரை ஸ்வரங்கள் அடங்காமல் ஒலித்துக்கொண்டேயிருக்கும். கூட்டு மாறுந்தோறும் காலை எடுத்து மீண்டும் மிதிக்கவேண்டும். நானோ மிதித்த கால் மிதித்தபடியே இருந்தேன். ஒரு கூட்டின் மேல் மற்றொன்று வழிந்து, எல்லாம் குழம்பாகிக்கொண்டிருந்தது. ஹெட்போனுக்குள் அந்தக் குழப்பமே எனக்குக் கம்பீரமாக ஒலித்திருக்கிறது!

அன்று அவர் எனக்கு மூன்று விதிகள் விதித்தார். மூன்று மாதம் வரை புதிய பாடம் எதையும் திறக்கக்கூடாது. மாலை ஆறு முதல் ஏழு வரை ஹெட்போன் கூடாது. தவறு நேர்ந்தாலும் நிற்கக்கூடாது. தாளம் நிற்காமல் 32 ஆவர்த்தனமும் போய்ச் சேரவேண்டும்.

மூன்றாம் விதியே கடினம். தவறியதும் நின்று, திரும்ப முதலிலிருந்து தொடங்குவது என் கையின் இயல்பாகிவிட்டிருந்தது. அதனால் முதல் எட்டு ஆவர்த்தனங்கள் ஆயிரம் முறை பழகியிருந்தன. கடைசி எட்டு பத்து முறைகூடப் பழகவில்லை. ஆகவே கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கற்றேன். நிமிஷத்துக்கு 60 எண்ணிக்கை என்னும் மெதுவான காலத்திலேயே வாசித்தேன்.

இரண்டாம் விதியால் எதிர்பாராத நன்மை விளைந்தது. ஒரு மாலை சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: முன்பாதி சங்கராபரணம் போல நன்றாயிருக்கிறதாம், பின்பாதி கீரவாணியின் பக்கம் திரும்புகிறதாம், அங்கே நிஷாதம் மட்டும் ஒவ்வொரு முறையும் கீழே விழுகிறதாம். திடுக்கிட்டுப் பார்த்தேன். பாட்டு 'ஈ மைனர்' என்னும் இடத்துக்குத் திரும்பும்போது, அந்த ஷட்ஜத்துக்குக் காகலி நிஷாதம் வரவேண்டும். நான் இடக்கையில் கைசிகி நிஷாதத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். சிறுமியாயிருந்தபோது நான்கு வருஷம் பாட்டுக் கற்ற காது அது. அதை ஓராண்டு காலமாக நான் ஹெட்போனுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

மூன்று மாதம் முடிந்த அன்று கீழ் வீட்டுக்காரர் வந்து அமர்ந்தார். இரண்டு சுற்று வாசித்தேன். நான்கு இடங்களில் தவறினேன்; நிற்கவில்லை. அவர் நாற்காலியின் கையில் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் மட்டும் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஜாஸில் தாளம் தட்டும் இடம் அதுவே. முடிந்தபின் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "இரண்டாம் சுற்றில் காலப்பிரமாணம் கொஞ்சம் ஓடிவிட்டது" என்றார். தேநீர் அருந்தினார். புறப்படும்போது, "இன்னொரு முறை வாசியுங்களேன்" என்றார்.

அன்பர்களே, இணையப் பாடங்களை நான் குறை கூறவில்லை. அவை இன்றேல், செம்பூரில் அமர்ந்து இவ்வித்தையைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஆயின் திரையில் காணும் ஆசான் வாய் மட்டும் உடையவர், செவி இல்லாதவர். அந்தச் செவியை நாமேதான் தேடிக்கொள்ளவேண்டும். வேறு வழி இல்லாதவர்கள் தம் வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்டாலும் போதும். மிகுந்த அடக்கம் உண்டாகும். உங்கள் இல்லத்தில் பிள்ளைகளோ பெரியவர்களோ ஹெட்போனுக்குள் ஏதேனும் கற்றுக்கொண்டிருந்தால், வாரத்தில் ஒரு நாளேனும் அதைக் கழற்றச் சொல்லிக் கேளுங்கள். பாராட்டவேண்டும் என்பதில்லை. கேட்டால் போதும்.

இப்போது 'மிஸ்டி' கற்கிறேன். அதை இயற்றிய எரோல் கார்னருக்கு இசைக் குறியீடு படிக்கத் தெரியாது என்பது எனக்குப் பெருந்துணிவு தருகிறது. ஆயினும் நடுப்பகுதியில் கை சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிறேன். அப்போதெல்லாம் கீழிருந்து 'டொக் டொக்' என்று ஓசை வருகிறது. கைத்தடியால் கூரையைத் தட்டுகிறார். மேலே போ என்று பொருள்.