சின்ன ரூம், பெரிய டிவி: பாட்டு கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

“55 இன்ச்சே எடுத்துக்கோங்க சார், இப்போ டாக்ஸ் குறைஞ்சிருக்கு.” சமீபத்தில் டிவி வாங்கப் போன பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். உண்மைதான். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. ஆனால், கடையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ரூமில் அதிக நேரம் ஓடப்போவது படமா, பாட்டா?

எனக்குப் பாட்டு. 10-க்கு 10 வாடகை ரூம். வேலை முடிந்து வந்தால் இரண்டு ஸ்பீக்கரில் இளையராஜாவோ ரஹ்மானோ ஓடியாக வேண்டும். அந்த ரூமில்தான் ஆஃபரைப் பார்த்து 55 இன்ச் வாங்கி வைத்தேன். படம் பிரமாதம். ஆனால், பாட்டு பழைய மாதிரி இல்லை. அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. மாறியது ஸ்பீக்கர்கள் நின்ற இடமும், நடுவில் வந்த ஸ்கிரீனும்தான்.

அப்போது புரிந்தது இதுதான்: இப்படிப்பட்ட ரூமில் முதலில் ஸ்பீக்கருக்கு இடம் ஒதுக்க வேண்டும். மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் டிவி.

எத்தனை இன்ச் போதும்?

55 இன்ச் டிவியின் அகலம் சுமார் 4 அடி. 43 இன்ச் என்றால் 3 அடிக்குக் கொஞ்சம் மேல். கதவு, பீரோ போக உங்கள் சுவரில் 7 அடிதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 55 இன்ச் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றரை அடிதான். ஸ்பீக்கர்கள் மூலைக்குப் போய்விடும். மூலையில் வைத்த ஸ்பீக்கரில் பேஸ் வீங்கி, ‘பும் பும்’ என்று மற்ற சத்தத்தை மூடிவிடும்.

பார்க்கும் தூரத்துக்கும் எளிய கணக்கு உண்டு. ஸ்கிரீன் அளவை 1.6-ஆல் பெருக்குங்கள். 43 இன்ச்சுக்கு ஐந்தே முக்கால் அடி வரும். 55-க்கு ஏழேகால் அடிக்கு மேல். 4கே டிவியில் இதைவிடக் கிட்டே உட்கார்ந்தும் பார்க்கலாம்தான். ஆனாலும், கட்டிலில் இருந்து சுவருக்கு 6 அடிதான் என்றால் 43 இன்ச் தாராளம்.

ஸ்கிரீன் எதிரொலிக்கும்

டிவி ஸ்கிரீன் கெட்டியான, வழவழப்பான பரப்பு. ஹை-ஹாட், வயலின் போன்ற கூர்மையான சத்தங்கள் அதில் பட்டுத் திரும்பும். நேராக வரும் சத்தத்தோடு இதுவும் கலந்தால், நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் கலங்கிவிடும். ஸ்கிரீன் பெரிதாக ஆக இந்தத் தொல்லையும் கூடும்.

செலவே இல்லாத தீர்வு: ஸ்பீக்கரின் முகம் ஸ்கிரீனைவிட அரை அடியாவது முன்னால் இருக்கட்டும். டிவி முடிந்தவரை சுவரை ஒட்டி இருக்கட்டும். பாட்டு மட்டும் கேட்கும்போது டிவியை அணைத்துவிட்டு, அதன் மேல் ஒரு கனமான போர்வையைப் போட்டுப் பாருங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் காதுக்கு வித்தியாசம் தெரியும்.

பின்பக்கம் பார்த்து வாங்குங்க

இப்போதைய டிவிகள் ரொம்ப ஒல்லி. உள்ளே ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. பல மாடல்களில் சத்தம் கீழ்நோக்கித்தான் வரும். அதனால் ‘40 வாட்ஸ்’ என்ற ஸ்டிக்கரைவிட, பின்னால் இருக்கும் போர்ட்டுகள் முக்கியம். ஆப்டிகல் அவுட் அல்லது ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி கட்டாயம். இஏஆர்சி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால், வெறும் இரண்டு ஸ்பீக்கருக்கு ஆப்டிகலே போதும். அதில் ஒலி வெளிச்சமாகப் போகிறது. மின் இணைப்பு கிடையாது. அதனால் டிவி வழியாக ஸ்பீக்கருக்கு வரும் ‘உம்ம்’ இரைச்சலும் வராது. எதில் இணைப்பது என்று உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ப்ளூடூத்தை நம்பினால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஆகலாம்.

ஓஎல்இடி வேண்டுமா?

படத்துக்கு அருமை. ஆனால், மியூசிக் ஆப்பில் ஒரே ஆல்பம் படம் மணிக்கணக்கில் நின்றால், நாளடைவில் அந்தத் தடம் ஸ்கிரீனில் தங்கிவிடும் அபாயம் ஓஎல்இடிக்கு உண்டு. டிவியிலேயே பாட்டு போடும் பழக்கம் இருந்தால் சாதாரண எல்இடி பயமில்லாத தேர்வு. எதை வாங்கினாலும், படத்தை மட்டும் அணைத்துவிட்டுப் பாட்டைத் தொடரும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சினிமாதான் முக்கியம் என்பவர்கள் தாராளமாக 55 வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால், பாட்டுக்காகவே ஒரு ரூம் வைத்திருப்பவர்கள் 43-இல் நின்றுவிட்டு, மிச்சமாகும் பணத்தை நல்ல ஒரு ஜோடி ஸ்பீக்கரில் போடுங்கள். இஎம்ஐ கட்டும் ஒவ்வொரு மாதமும் எனக்கு இது ஞாபகம் வருகிறது. கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து ஒருமுறை சுவரை அளந்துவிடுங்கள்.