பாரம் நீங்கிய பின்னும் அபாயம்

2023 ஜூலையில், விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலையில், கிணற்றுப் பணிக்கு இறங்கிய நம் தமிழ்த் தொழிலாளர் ஒருவர் மண் சரிந்து புதையுண்டார். இரண்டு நாள் போராடியும் உடலையே மீட்க முடிந்தது. உயிருடன் மீட்கப்படுவோர்க்கும் ஓர் அபாயம் உண்டென்பதை நம்மவர் அறிதல் வேண்டும்.

நெடுநேரம் நசுங்கிய தசை அழிகின்றது. பாரம் அகன்றதும் அதன் கழிவுகள் இரத்தத்திற் கலக்கின்றன. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம். தசையின் செந்நிறப் பொருள் சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். லண்டன் குண்டுவீச்சில் மீட்கப்பட்டோர் சில நாளில் மாண்ட விதத்தை 1941-இல் பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவர் விளக்கினார்.

ஆதலின், சிக்கிய உடனேயே பாரத்தை நீக்குக. ஒரு மணி நேரம் கடந்திருப்பின், 108-ஐ அழைத்து, மருத்துவ உதவியாளர் உப்புநீர் ஏற்றிய பின் விடுவித்தல் நன்று. மூச்சு முட்டுமாயின் தாமதியாதீர். நன்றாகப் பேசுகின்றாரே என்று வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர். மருத்துவமனைக்கே கொண்டு செல்க. சிறுநீர் தேநீர்போற் கறுத்தல் அபாய அறிகுறி.

தென்னையிலோ சாரத்திலோ இடைவாரில் அசைவற்றுத் தொங்குவோரையும் விரைந்து இறக்குக. கால்களில் இரத்தம் தேங்கி மயக்கமும் மரணமும் நேரலாம். இறக்கியதும் படுக்க வைப்பதே முறை.

கூலி பேசும்போதே கயிறும் முட்டும் தலைக்கவசமும் பேசிக்கொள்வோமாக.