ஊர்க் கோயிலுக்கு ஆர்ச் எதற்கு?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேராவது என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். பரவாயில்லை. இரண்டு மாதமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தது, இனிமேல் முடியாது.

எங்கள் ஊர் பாலகாட். "அது மத்தியப் பிரதேசத்துல இல்ல?" என்று கேட்காதீர்கள், அது வேறு. இது கோலார் தங்கவயலில் இருக்கும் பாலகாட். சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், ஊர்காம் என்றால் கொஞ்சம் பேருக்காவது தெரியும். பாலகாட் அந்த வரிசையில் கடைசிப் பெஞ்சு. என் மகளின் பள்ளிக்கூடத்தில் கே.ஜி.எஃப். என்றால் 2018-ல் வந்த சினிமா, அவ்வளவுதான். "உங்க ஊர்ல எல்லாரும் துப்பாக்கி வெச்சிருப்பாங்களா அப்பா?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் எல்லோரிடமும் இருந்தது டிபன் கேரியர் என்று சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஊரை விட்டு வந்த நாங்கள் ஒரு நூற்றி நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாக இருக்கிறோம். துபாய், மஸ்கட், மெல்பர்ன், டொராண்டோ, கொஞ்சம் பேர் பெங்களூர். காலையில் எழுந்தால் மாதா படம், குட்மார்னிங், பழைய கால்பந்து டீம் போட்டோ. போன வருடம் அதில் ஒரு யோசனை வந்தது. நம்ம கோயிலுக்குப் போகிற வழியில் கிரானைட்டில் ஒரு ஆர்ச் கட்டலாம், இரண்டு பக்கமும் சம்மனசு, கீழே கல்வெட்டில் பணம் கொடுத்தவர்கள் பெயர். மதிப்பீடு பதினைந்து லட்சம். கோயிலிலிருந்து யாரும் கேட்கவில்லை. நாங்களே கேட்டு, நாங்களே கைதட்டிக்கொண்டோம். "சூப்பர், நான் ஐம்பதாயிரம்" என்று முதலில் எழுதியவன் யார் தெரியுமா? நான்தான்.

அதற்குப் பிறகு லீவில் ஊருக்குப் போனேன். மெல்பர்னில் இருக்கும் என் அக்கா மகனுக்குக் கல்யாணம், ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும். பழைய சர்டிபிகேட் செல்லாது, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்கள் என்று எனக்கும் எரிச்சல்தான்.

கோயில் ஆபீசில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், சுரங்கத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வருடத்தைச் சொன்னதும் பீரோவைத் திறந்து சரியான புத்தகத்தை எடுத்தார். பையனின் பக்கத்தைக் கண்டுபிடித்து எழுதி முடித்தபின், "உன்னுதையும் பாக்குறியா தம்பி?" என்றார்.

பார்த்தேன். 1979. அப்பா பெயர், அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர், வசிப்பிடம் என்ற இடத்தில் எங்கள் லைன். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஓரத்தில் வேறு மையில் இன்னொரு வரி இருந்தது. 2008-ல் துபாயில் இன்னாரைத் திருமணம் செய்துகொண்டார் என்று தேதியோடு.

நான் யாரிடமும் சொல்லவில்லையே! பெரியவர்தான் விளக்கினார். ஒரு கத்தோலிக்கன் உலகத்தில் எந்த மூலையில் கல்யாணம் செய்தாலும், அங்கிருந்து அவன் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் வர வேண்டும், இங்கே அவன் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுத வேண்டும். திருச்சபைச் சட்டம். புதிய சர்டிபிகேட் கேட்பதும் அதனால்தான். ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா, ஏற்கெனவே கல்யாணமானவனா என்று பார்க்க. பதினேழு வருடமாக பேங்கில் கே.ஒய்.சி. என்று உயிரை வாங்குகிறேன், இவ்வளவு சுத்தமான கே.ஒய்.சி.யை நான் பார்த்ததில்லை :-)

"சம்பளம் எவ்வளவு ஐயா தர்றாங்க?" என்று கேட்டுவிட்டேன். பேங்க்காரன் புத்தி. "சம்பளமா? சும்மாதான் வர்றேன் தம்பி. வீட்ல உக்காந்தா மூச்சு வாங்குது." இதைச் சொல்வதற்குள்ளேயே இரண்டு தரம் மூச்சு வாங்கினார். சுரங்கத்து ஆட்களுக்கு அது என்ன மூச்சு என்று ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஒரு வாரம் காலைப் பூசைக்குப் போனேன். பெஞ்சுகளில் எல்லாம் நரைத்த தலைகள். இளவட்டங்கள் எங்கே என்றால், ரயிலில். சுரங்கம் மூடியதிலிருந்து ஊருக்கு வேலை என்றால் பெங்களூர்தான். விடிவதற்குள் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி, இரவில் வந்து இறங்குகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான், நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டது அந்த ரயிலில். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பாடகர் குழு, மறைக்கல்வி, இளைஞர் கூட்டம், அன்பியம் எல்லாம் அந்த ஒரு நாளில் அடங்க வேண்டும். துணி துவைப்பதும் அன்றைக்குத்தான். மறைக்கல்வி நடத்தும் பெண் ஒருத்தி வாரம் முழுக்க கார்மெண்ட்சில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே கண் அசந்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்கள், எழுப்பக் கூடாது என்று.

துபாயில் எங்களுக்கு இந்தக் குறை கிடையாது. ஷேக் ரஷீத் கொடுத்த நிலத்தில் 1967-ல் திறந்த புனித மரியன்னை ஆலயம். தமிழ்ப் பூசைக்குப் போனால் நிற்க இடம் இருக்காது. 2022-க்கு முன்னால் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு மாதிரி, அப்போதும் இதே கூட்டம்தான். மறைக்கல்விக்கு ஆள் இருக்கிறார்கள், பாட ஆள் இருக்கிறார்கள். எல்லோரும் ஏதோ ஒரு பாலகாட்டிலிருந்து கிளம்பி வந்தவர்கள். அந்த ஊர்கள் வளர்த்து அனுப்பியதை நாங்கள் இங்கே அனுபவிக்கிறோம்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2001 பிப்ரவரி 28. பி.ஜி.எம்.எல். சுரங்கங்களை மூடினார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த வயலில் கடைசியாக மூவாயிரத்துச் சொச்சம் பேர் மிச்சம், அதில் எங்கள் அப்பாவும் ஒருவர். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர் என்று பெருமை பேசுகிற வீடுகளில் அந்த வருடம் பல அடுப்புகள் சரியாக எரியவில்லை. சங்கங்கள் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் பி.காம். கடைசி வருடம், பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அதே நாளில்தான் வேலை போயிருந்தது. அரிசிப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு கவரை ஆயா கையில் கொடுத்தார்கள். பரீட்சைப் பணம். "யாரு குடுத்தது?" என்று ஆயா கேட்டதற்கு "சபையில குடுத்தாங்க" என்றார்கள். என்னைப் பார்த்து, "பாஸ் பண்ணிட்டு வந்து சொல்லு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கொடுத்தது யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. தெரியவும் வராது. அந்தச் சபையின் கூட்டங்களில் ஒரு பை சுற்றிவரும், இரகசியப் பை. மூடிய கையை உள்ளே விட்டு, முடிந்ததைப் போட வேண்டும். நூறு ரூபாய் போட்டவனும் ஒன்றும் இல்லாமல் வெறுங்கையை விட்டவனும் வெளியே ஒரே மாதிரிதான் தெரிவார்கள். 1833-ல் பாரிசில் ஓசானாம் என்கிற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய சபை. இருபது வயதில் நான் ஊர்காமில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லுங்கள், கல்வெட்டில் என் பெயர் எதற்கு?

பி.காம். முதல் வருடத்தில் ஒரு பாடம் வரும், மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு. கட்டடம் கட்டினால் மூலதனச் செலவு. வாடகை, சம்பளம், விளக்கெண்ணெய் எல்லாம் வருவாய்ச் செலவு. வெளியூர் போன நம்மைப் போன்றவர்களுக்கு மூலதனச் செலவு என்றால் கொள்ளை ஆசை. ஒரே தரம் கொடுத்தால் போதும், போட்டோ எடுக்கலாம், பெயர் இருக்கும். எங்கள் பங்குக்கு இருக்கும் கஷ்டமோ ஒன்றுவிடாமல் வருவாய்ச் செலவு. மூச்சு முட்டும் கிழவருக்கு மாத்திரை மாதாமாதம் வேண்டும். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு டியூஷன் வருடம் முழுக்க வேண்டும். அந்தப் பேரேடுகளை ஈரத்திலிருந்தும் கரையானிலிருந்தும் காப்பாற்ற ஒரு நல்ல பீரோ, ஸ்கேன் செய்ய ஒரு ஆள். திருவிழாவுக்குக் கொடியேற்றும் அன்று சீரியல் லைட்டுக்கு நன்கொடை கொடுக்க ஆயிரம் பேர், மறுநாள் கரண்ட் பில்லுக்கு யாரும் இல்லை.

கணக்கு போட்டுப் பார்த்தேன். நூறு பேர் மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் மாதம் ஐம்பதாயிரம், வருடம் ஆறு லட்சம். இங்கே ஐந்நூறு ரூபாய் என்றால் ஒரு ஷவர்மாவும் ஒரு ஜூசும். அதுவும் வேண்டாம், பதினைந்து லட்சத்தை ஏழு சதவீத வட்டிக்குப் போட்டாலே வருடம் ஒரு லட்சத்து ஐயாயிரம் வரும், முதல் அப்படியே இருக்கும். ஆர்ச் வட்டி தராது. வருடா வருடம் பெயிண்ட்தான் கேட்கும்.

இதைக் குழுவில் எழுதினேன். எழுதிய ஐந்தாவது நிமிடம் மெல்பர்ன் நண்பனிடமிருந்து போன்.

"மச்சான், நீ சொல்றது எல்லாம் கரெக்ட்டு. ஆனா ஊர்ல என்னடா நிக்குது? துருப்பிடிச்ச ஷாஃப்ட்டு, சயனைடு மேடு. நாம பொறந்ததுல இருந்து இடிஞ்சத மட்டும்தானே பாத்தோம். புதுசா ஒண்ணாவது நிக்கட்டும்டா. எம் பசங்க வந்தா காட்ட ஒண்ணு வேணாமா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொன்னதில் தப்பில்லை. கோயிலை அழகாக வைத்திருப்பதும் ஏழைகளுக்குச் செய்வதுதான், அவர்களுக்கும் அது ஒன்றுதானே மாளிகை. பசி தீர்ந்த பிறகுதான் அழகு என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று கேட்டேன். "உன் பசங்க வந்தா அந்த ஆர்ச்சுக்குள்ள நுழைஞ்சு போய் யாரைடா பாப்பாங்க?" அவன் போனை வைத்துவிட்டான். கோபமா, சிக்னலா தெரியவில்லை.

இன்னொருவர் கேட்டது நியாயமான கேள்வி. மாதாமாதம் பணம் போனால் கணக்கு யார் பார்ப்பது? ஒவ்வொரு பங்கிலும் ஒரு நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பங்குச் சாமியாரிடமும் அந்தக் குழுவிடமும் பேசி, இந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வரவு செலவு கோயில் நோட்டீஸ் போர்டில். உதவி வாங்கியவர் பெயர் மட்டும் போர்டில் வரக் கூடாது. அதற்குப் பெயர்தான் இரகசியப் பை.

தொழில் ரீதியாக ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஆர்ச் கட்டுகிறவர்களுக்கும் இது உதவும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்.ஆர்.ஐ. தன் சொந்தச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக நன்கொடை கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. கணக்கிலிருந்து ரூபாயாகவே அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவர்கள் பணத்தை எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்பு மட்டும்தான் வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டில்லியில் ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும், வாங்கியவர்கள் இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. "அண்ணன் கணக்குக்கு அனுப்புறேன், அவன் கோயில்ல கட்டிடுவான்" என்கிற வேலை வேண்டாம். மாட்டிக்கொள்வது நீங்கள் அல்ல, ஊரில் இருக்கும் சாமியாரும் அண்ணனும். அனுப்புவதற்கு முன்னால் பங்கிலோ பெங்களூர் பேராயர் இல்லத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குழுவில் இப்போதைக்கு இருபத்தி மூன்று பேர் மாதச் சந்தாவுக்குச் சரி என்றிருக்கிறார்கள். ஆர்ச் பக்கம் அறுபது பேருக்கு மேல். மீதிப் பேர் மாதா படம் மட்டும் அனுப்புகிறார்கள். நான் சொன்ன ஐம்பதாயிரத்தை மாற்ற மாட்டேன், சொன்னது சொன்னதுதான். ஆனால் கல்வெட்டில் என் பெயர் வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

அக்கா மகனுக்கு வரும் ஜனவரியில் கல்யாணம். அது முடிந்ததும் மெல்பர்னிலிருந்து ஒரு கடிதம் பாலகாட்டுக்குப் போகும். அவன் பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக எழுத வேண்டும். பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"வரட்டும் தம்பி, எழுதிடலாம்" என்றார். "பொண்ணு பேர மட்டும் ஸ்பெல்லிங் சரியா அனுப்பச் சொல்லு."